திருப்பிச் சொல்வதும் பேச்சுதான்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வரும்போது அடிக்கடி ஒரே குறையைச் சொல்கிறார்கள்: "நாங்க சொன்னதையே திருப்பிச் சொல்றான், சொந்தமா எதுவும் பேசமாட்டேங்கிறான்." அதட்டி நிறுத்துகிறவர்களும் உண்டு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

1943-இல் மனநல மருத்துவர் லியோ கன்னர் ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது வருகிறது. கேட்ட கேள்வியை அப்படியே திருப்பிச் சொன்னால் 'ஆமாம்' என்று அர்த்தம் என்பதை அவர் கவனித்திருந்தார். ஆனாலும் வெகுகாலம் இதை வெறும் பழக்கம் என்று அடக்கத்தான் பார்த்தார்கள். 1981-இல் பிரைஸன்ட், டுக்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 4 பிள்ளைகளை வீடியோ எடுத்து, அப்படித் திருப்பிச் சொன்ன 1,009 பேச்சுகளை ஆராய்ந்தார்கள். பிள்ளை எங்கே பார்க்கிறது, எந்தத் தொனியில் சொல்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்ததில் 7 வகைகள் கிடைத்தன. வேண்டியதைக் கேட்பது, ஒப்புக்கொள்வது, தன்னைத் தானே நிதானப்படுத்திக்கொள்வது எல்லாம் அதில் இருந்தன.

என்னிடம் வந்த ஒரு சிறுவன் எந்நேரமும் "சாமி கும்பிட்டாச்சா?" என்பான். அம்மா அப்பா வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவார்கள்; அவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் ஒருநாள் அவனுடைய ஆயா, அதாவது பாட்டி, கூட வந்தார். "வெள்ளிக்கிழமை விளக்கேத்தினதும் இதைக் கேட்டுட்டுத்தான் அவனுக்கு வடை குடுப்பேன் கண்ணு" என்றார். பையன் பசியைச் சொல்லிக்கொண்டிருந்தான்!

அதனால்தான் தாத்தா, ஆயாவையும் அழைத்து வரச் சொல்கிறேன். வாக்கியம் எங்கே பிறந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று பயந்து சில பெற்றோர் ஆயாவைத் தமிழ் பேச வேண்டாம் என்கிறார்கள்; இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ஹாம்ப்ளி, ஃபோம்போன் என்ற ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசம் பிள்ளைகளுக்கு அதனால் கூடுதல் தாமதம் எதுவும் தெரியவில்லை.

வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். என்ன சொன்னான், அப்போது என்ன நடந்தது, பக்கத்தில் யார் என்று எழுதுங்கள். அர்த்தம் பிடிபட்டதும் அதற்குப் பதில் கொடுங்கள். கேள்விகளைக் குறைத்து, பிள்ளை சொல்ல வேண்டிய விதத்திலேயே நீங்கள் சொல்லிக் காட்டுங்கள். "பசிக்குதா?" என்று கேட்டால் அதுதான் திரும்பி வரும், "எனக்குப் பசிக்குது" என்று சொல்லிக் கொஞ்சம் பொறுத்திருங்கள்.