தமனியா, நாடியா?

ஆர்ட்டரி என்றால் தமனி என்று தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருப்போம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அது நாடி. நாம் சிரை என்பது அங்கே நாளம்.

தமனி வடசொல். ஊதுதல் என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. கொல்லன் துருத்திக் குழலை நினைத்துக்கொள்ளலாம். வியப்பு என்னவென்றால், கிரேக்கத்திலும் ஆர்ட்டீரியா முதலில் மூச்சுக்குழாயின் பெயர்தான். இறந்த உடலை அறுத்தால் தமனிகள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அதனால் உள்ளே ஓடுவது காற்று என்றே நம்பினார்கள். இல்லை, ரத்தம்தான் என்று காட்டியவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன்.

நாடியும் வடமொழியில் குழல், தண்டு என்ற பொருள் உள்ள சொல்தான். ஆனால் தமிழில் அது துடிப்போடு ஒட்டிவிட்டது. மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, விரல் வைத்துப் பாருங்கள். முட்டுகிறதே, அதுதான் ஆர்ட்டரி. புறங்கையில் பச்சையாகத் தெரியும் நாளத்தைத் தொட்டால் அப்படித் துடிக்காது. எனக்கு நாடிதான் பிடித்திருக்கிறது.

சரி, அந்தத் துடிப்புக்கு இடம் கொடுப்பது எது? குழாய்ச் சுவரின் மீள்தன்மை. இதயம் ஒருமுறை சுருங்கினால் ஏறக்குறைய 70 மில்லி ரத்தம், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய நாடியான பெருநாடிக்குள் பாய்கிறது. சுவர் விரிந்து அதை வாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி மீதியைத் தள்ளிவிடுகிறது. 1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் இதைத் தீயணைப்புப் பம்பின் காற்றறையோடு ஒப்பிட்டார். அந்த அறைக்கு ஜெர்மன் பெயர் விண்ட்கெசல். மருத்துவத்தில் அதுவே நிலைத்தது. மறுபடியும் காற்று!

வயதானால் பெருநாடி, வெயிலில் கிடந்த ரப்பர் குழாய் மாதிரி விறைத்துப்போகிறது. விரிய இடமில்லை என்பதால் மேல் அழுத்தம் (இதயம் சுருங்கும்போது உள்ள ரத்த அழுத்தம்) ஏறும், கீழ் அழுத்தம் (ஓய்வின்போது உள்ளது) இறங்கும். அப்புறம் துடிப்பும் கூடினால்? இதயத்தின் ஆக்சிஜன் தேவையை மதிப்பிட, துடிப்பை மேல் அழுத்தத்தால் பெருக்குவார்கள். 72 துடிப்பும் 120 அழுத்தமும் 8,640. 90 துடிப்பும் 160 அழுத்தமும் 14,400.

இதில் இன்னொரு சிக்கல். இதயத்தின் இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் ஓய்வு நேரத்தில்தான் கிடைக்கிறது, அதுவும் கீழ் அழுத்தத்தை நம்பி. துடிப்பு கூடினால் முதலில் சுருங்குவது அந்த ஓய்வுதான். நெஞ்சுவலிக்காரர்களுக்குத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை தருவது இதற்காகவும்தான்.