எல்லா மெஷினுக்கும் ஒரே பேரலா?

ராணிப்பேட்டை, ஆம்பூர், ஆரணி என்று நம்ம பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு மெயின்டனன்ஸ் வேலையாகப் போனால் முதலில் ஸ்டோர் ரூமைத்தான் பார்ப்பேன். பல இடங்களில் ஒரே ஒரு ஆயில் பேரல்தான் நிற்கும். ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கும் அதுதான், கியர் பாக்ஸுக்கும் அதுதான், ஏர் கம்ப்ரஸருக்கும் அதுதான். கேட்டால், "ஆயில்தானே சார், வழவழன்னு இருந்தா போதாதா?" என்பார்கள். போதாது. ஆயிலில் மிச்சம் பிடித்த பணம் அப்புறம் பம்பிலும் பேரிங்கிலும் சீலிலும் பல மடங்காகப் போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பேரல் மேல் 32, 46, 68, 220, 320 என்று ஒரு எண் இருக்கும். அது தரத்தைச் சொல்லும் எண் இல்லை. 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்த ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு) என்பதைத்தான் சொல்கிறது, பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். இங்கேதான் நம்ம ஊர் வெயிலைக் கணக்கில் சேர்க்க வேண்டும். கத்திரி வெயிலில் வேலூரில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும். தகர ஷெட்டுக்குள் ஓடும் ஒரு பிரஸ்ஸின் டேங்க் 65 டிகிரிக்குப் போய்விட்டால், 46-ம் எண் ஆயிலின் கெட்டித்தன்மை பாதிக்கும் கீழே இறங்கிவிடும், பம்புக்குள் உலோகமும் உலோகமும் உரச ஆரம்பிக்கும். மெஷின் புத்தகம் அனுமதித்தால் இங்கே 68 போடுவது நல்லது. ஆனால் எண்ணை ஏற்றுவதற்கு முன்னால், ஆயிலைக் குளிர வைக்கும் கூலரில் உப்புத் தண்ணீர் படிவு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சூட்டுக்குக் காரணம் பாதி இடங்களில் அங்கேதான் இருக்கும்.

வண்டி ஆயிலின் எண்களை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 90-ம் எண் கியர் ஆயில் 40-ம் எண் இன்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று நினைப்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே கெட்டிதான், அளவுகோல்தான் வேறு. கெட்டி ஒன்றாக இருந்தாலும் உள்ளே கலந்திருக்கும் மருந்து வேறு, அதனால் ஒன்றுக்கு இன்னொன்றை ஊற்ற முடியாது.

அந்த மருந்து விஷயத்துக்கு ஒரு உதாரணம். ஒரு ஷூ தொழிற்சாலையில் கட்டிங் பிரஸ்ஸின் பம்ப் அலறுகிறது என்று கூப்பிட்டார்கள். ஆயில் மட்டம் பார்க்கும் கண்ணாடியில் (சைட் கிளாஸ்) பார்த்தால் ஆயில் மோர் மாதிரி வெள்ளையாக நிற்கிறது. ஹைட்ராலிக் ஆயில் தீர்ந்துபோய், ஜெனரேட்டருக்கு வைத்திருந்த இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். இன்ஜின் ஆயிலில் அழுக்கைப் பிடித்து மிதக்க வைக்கும் டிடர்ஜென்ட் இருக்கும், அது தண்ணீரையும் அதேபோலப் பிடித்துக்கொள்ளும். ஹைட்ராலிக் ஆயிலோ தண்ணீரைப் பிரித்து டேங்க் அடியில் விட வேண்டும், நாம் டிரெயின் வழியாக எடுத்துவிடலாம். சந்தேகம் இருந்தால் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஒரு ராத்திரி வைத்து, தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். அல்லது சூடான தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள், படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது.

தோல் தொழிற்சாலைக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தோலைச் சுண்ணாம்பில் போட்டுச் சுற்றும் டிரம் பக்கத்தில் எப்போதும் ஈரம், உப்பு, சல்ஃபைடு. வார்ம் கியர் பாக்ஸின் (திருகு மாதிரி தண்டு சக்கரத்தைச் சுழற்றும் வகை) உள்சக்கரம் பெரும்பாலும் வெண்கலம், அதில் வீரியமான இ.பி. (அதிக அழுத்தத்தைத் தாங்கும்) கியர் ஆயிலை ஊற்றினால் சூட்டில் அதிலுள்ள கந்தகமே வெண்கலத்தை அரிக்கலாம். வார்ம் கியருக்கென்றே 460, 680 எண்களில் ஆயில் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஈரமான இடத்து பேரிங்குகளுக்கு சாதாரண கால்சியம் கிரீஸ் தண்ணீரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. இரண்டையும் தாங்குவது கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ். விலை அதிகம்தான், ஆனால் நான் அதைத்தான் சொல்வேன்.

கிரீஸ் என்றதும் இன்னொன்று. மோட்டார் பேரிங்கில் பிதுங்கி வழியும்வரை கிரீஸ் அடிப்பது பராமரிப்பு இல்லை. இடமில்லாமல் கிரீஸ் உள்ளேயே கடைபட்டு பேரிங் கொதிக்கும். பல மோட்டார்களில் கம்பெனியிலேயே பாலியூரியா கிரீஸ் வைத்து வரும், அதன் மேல் நம் லித்தியம் கிரீஸை அடித்தால் பெரும்பாலும் இரண்டும் சேராமல் இளகி ஓடிவிடும்.

ஆரணிப் பக்கத்து அரிசி ஆலைகளில், அரிசி மேல் சொட்ட வாய்ப்புள்ள இடத்திலாவது உணவுத் தொழிலுக்கான எச்1 வகை ஆயிலை (தவறி உணவில் படக்கூடிய இடங்களுக்கு என்றே வருவது) போடுங்கள். சாப்பிடுகிற பொருள், இதில் சமரசம் வேண்டாம்.

நல்ல ஆயிலையே வாங்கினாலும் வெளியே நிமிர்த்தி வைத்தால் கெடும். பகலில் சூட்டில் உள்காற்று விரிந்து வெளியேறும், மழையில் குளிரும்போது மூடி மேல் தேங்கிய தண்ணீரை பேரல் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஷெட்டுக்குள் இடமில்லை என்றால், இரண்டு மூடிகளும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் வருகிற மாதிரி படுக்க வையுங்கள்.

கழிவு ஆயிலைக் கால்வாயில் ஊற்றுவதைத் தயவுசெய்து விடுங்கள். பாலாறு பட்டது போதும். தோல் தொழிற்சாலைக் கழிவால் அது கெட்டது பற்றி 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி பழைய ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். அதுவரை தின்னரோ தண்ணீரோ கலக்காமல் தனி டிரம்மில் மூடி வையுங்கள், கலந்துவிட்டால் அவர்களும் எடுக்கத் தயங்குவார்கள்.