விஷமுறிவு ஏற்றியும் கடிவாய் ஏன் கறுக்கிறது?

விஷமுறிவு மருந்தால் உயிர் பிழைத்தவருக்கும் கடிபட்ட கால் வீங்கி, கொப்புளம் கட்டி, சதை அழுகுவது ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். விரியன் வகைப் பாம்புகளின் கடியில் இது அடிக்கடி நடக்கும். நஞ்சிலுள்ள நொதிகளே காரணம்.

ஹயலுரோனிடேஸ், செல்களுக்கு இடையே பசைபோல நிறைந்திருக்கும் ஹயலுரோனிக் அமிலத்தைத் துண்டாக்கி நஞ்சு பரவ வழிவிடுகிறது. பாஸ்போலிப்பேஸ் ஏ2, தசை இழையின் சவ்விலுள்ள பாஸ்போலிப்பிட் என்னும் மூலக்கூறின் இரண்டு கொழுப்பு வால்களில் ஒன்றை நறுக்குகிறது. சவ்வு ஓட்டையாகி, கால்சியம் உள்ளே பாய்ந்து, இழை வெட்டியிழுத்துச் சாகிறது.

என்னை வியக்கவைப்பது மூன்றாவது நொதி: மெட்டலோபுரோட்டினேஸ். அதன் நடுவே ஒரே ஒரு துத்தநாக அயனி. அதைப் பிடித்திருப்பவை ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலங்கள் மூன்று. அந்தத் துத்தநாகத்தோடு ஒட்டிய நீர் மூலக்கூறுதான் புரதச் சங்கிலியை அறுக்கும் கத்தி. தந்துகி என்னும் மிக நுண்ணிய இரத்தக் குழாயின் சுவரோ ஒரே அடுக்குச் செல்கள். வெளியே அவற்றைத் தாங்குவது அடித்தளச் சவ்வு என்னும் மெல்லிய வலை. அதன் முக்கிய இழை நான்காம் வகைக் கொலாஜன். சுவரில் நொதி முக்கியமாக அறுப்பது இந்த வலையைத்தான். வலை தளர்ந்ததும் உள்ளே ஓடும் இரத்தத்தின் அழுத்தமே சுவரைப் புடைக்கவைக்கிறது. செல்கள் இழுபட்டு மெலிந்து, ஓரிடத்தில் வாய்பிளக்கின்றன. சில நிமிடங்களில் இரத்தம் கசிகிறது. ஆய்வகத் தட்டில் வளரும் தந்துகிச் செல்கள்மீது இதே நொதியை விட்டால் அவை உடனே சாவதில்லை, மெல்லக் கழன்று மிதக்கின்றன. தட்டில் இரத்த ஓட்டம் இல்லையே!

இறந்த தசையின் ஓரத்திலுள்ள துணைச் செல்கள், பழைய இழையின் சவ்வு உறையைச் சாரமாகக் கொண்டுதான் புது இழை கட்டும். அதற்கு இரத்த ஓட்டமும் வேண்டும். இரண்டும் சிதைந்த இடத்தில் தழும்புதான் வளரும்.

விஷமுறிவு மருந்து கடிவாயை எட்டுவதற்குள் வலை பெரிதும் அறுந்திருக்கும். உடலில் சுற்றும் நஞ்சை மருந்து பிடிக்கும், அறுந்த இழையை ஒட்டாது. இருந்தாலும் தாமதிக்கத் தாமதிக்கச் சேதம் கூடும். மந்திரிக்கப் போய் இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சதையைத் தின்கிறது. இறுக்கிக் கட்டினால் நஞ்சு ஓரிடத்தில் தேங்கி, இரத்தமும் வராமல் அழுகல் முற்றும். கீறினால், நஞ்சால் இரத்தம் உறையாத நிலையில் அந்தக் கீறலே பெரிய ஆபத்து. காலை அசைக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

துத்தநாகத்தைப் பறித்தால் கத்தி மழுங்கும். கன உலோக நச்சுக்குத் தரப்படும் ‘யூனிதியால்’ என்னும் மருந்து எலிகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறது. பாஸ்போலிப்பேஸ் ஏ2 நொதியைத் தடுக்க வரெஸ்பிளாடிப் என்னும் மருந்து இருக்கிறது. இரண்டையும் வாய்வழியே தரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள். கை கால் இழப்போரும் நிரந்தர ஊனமடைவோரும் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கடிபடுவோர் பெரும்பாலும் ஏழை உழவர்கள் என்பதால்தான் இந்த ஆய்வுக்குப் பணம் கிள்ளித் தரப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து.