ஆசியோஇன்டக்ரேஷன்: எலும்பிணைப்பா, எலும்பிணைவா?

பல் போன இடத்தில் இம்பிளான்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு இது பழகிய பேச்சாக இருக்கும்: "எலும்பு பிடிக்கணும், அப்புறம்தான் மேலே பல் மாட்டலாம்." அந்தப் 'பிடிக்கணும்' என்பதற்குப் பாடநூல் வைத்திருக்கும் பெயர் ஆசியோஇன்டக்ரேஷன். தாடைக்குள் திருகிய டைட்டானியத்துக்கும் உயிருள்ள எலும்புக்கும் நடுவே சதை, நார் எதுவும் வளராமல் எலும்பு நேரே உலோகத்தைத் தொட்டு நிற்பதும், மெல்லும் பாரத்தை அந்தத் தொடுப்பு தாங்குவதும்தான் அதன் பொருள். இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

சொல்லின் முன்பாதி லத்தீனில் எலும்பைக் குறிக்கும் 'ஓஸ்'. பின்பாதி 'இன்டெகெர்', அதாவது முழுமையானது. அதையும் பிரித்தால் 'தொடப்படாதது' என்று வரும். தொட்டு நிற்பதற்கு வைத்த பெயருக்குள் தொடாமை ஒளிந்திருப்பது ஒரு வேடிக்கை.

எலும்பு இப்படி உலோகத்தைப் பிடிப்பதைக் கவனித்தவர் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க். 1952இல் லுண்ட் நகரில் எலும்புக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்க்க, முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்பு விடவில்லை. 1965இல் மனிதத் தாடையில் வைத்தார். அந்த முதல் நோயாளிக்கு வைத்தவை அவர் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், உழைத்தன. 1977இல் வந்த பிரோனமார்க் குழுவின் நூல் தலைப்பிலேயே இந்தச் சொல் ஏறிவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் ஆந்த்ரே ஷ்ரோடர் இதே நிகழ்வை 'செயல்படும் அங்கிலோசிஸ்' என்றார். அங்கிலோசிஸ் என்பது மூட்டு இறுகிப்போகும் நோயின் பெயர். அது நிலைக்காமல் போனதில் வியப்பில்லை.

சரி, டைட்டானியம் என்றால் போதுமா? போதாது, அதன் தோலும் முக்கியம். பிரோனமார்க் வைத்தவை லேத்தில் கடைந்த, ஓரளவு வழுவழுப்பான திருகுகள். எலும்பில் துளையிட்டதும் ரத்தம் நிரம்பி உறைகிறது. அந்த உறைவின் நூல்கள் திருகில் ஒட்ட, எலும்பு கட்டும் செல்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வருகின்றன. ஊரும்போது நூலை இழுக்கும். வழுவழுப்பான உலோகத்தில் நூல் கழன்றுவிடும். பிறகு துளையின் சுவரிலிருந்துதான் எலும்பு மெல்ல வளர்ந்து வரவேண்டும். சொரசொரப்பாக இருந்தால் நூல் கழலாது, செல் உலோகம்வரை வந்து அதன் மேலேயே எலும்பைப் படியவைக்கும்.

அம்மி கொத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தேய்ந்த அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும். உளியால் கொத்திய அம்மியில் நிற்கும். திருகுக்கும் ஒரு கொத்து உண்டு. கால் முதல் அரை மில்லிமீட்டர் அளவுள்ள குருந்தக்கல் துகள்களை அதன்மேல் வேகமாக அடிப்பார்கள். அப்புறம் ஹைட்ரோகுளோரிக், சல்பியூரிக் அமிலங்களில் அரிப்பார்கள். துகள் பெரிய பள்ளங்களைத் தரும். அமிலம் அந்தப் பள்ளத்துக்குள் பொடிக்குழிகளைத் தரும். 1990களின் இறுதியில் இந்த வகைத் திருகு சந்தைக்கு வந்தபின், மூன்று முதல் ஆறு மாதம் என்றிருந்த காத்திருப்பு, நல்ல எலும்பாக இருந்தால் ஆறு வாரமாகச் சுருங்கியது.

கொத்தக் கொத்த நல்லதா என்றால், இல்லை. சராசரிச் சொரசொரப்பு 1 முதல் 2 மைக்ரான் இருப்பதே உகந்தது என்கிறார்கள். தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போய், ஈறு இறங்கி அந்தப் பகுதி வெளியே தெரிந்தால், எலும்பு பிடிக்கும் அதே குழியில் கிருமியும் பிடிக்கும்.

இடையில் ஒரு சொல் எச்சரிக்கை: ரஃப்னஸைக் 'கடினத்தன்மை' என்று எழுதவேண்டாம், அது ஹார்ட்னஸ். சொரசொரப்பு என்று நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது.

ஆசியோஇன்டக்ரேஷன் என்ற தலைச்சொல்லுக்குத் தமிழில் என்ன செய்வது? 'எலும்பு ஒருங்கிணைப்பு' என்றால் ஏதோ ஒரு குழு கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது போல இருக்கிறது. 'எலும்பு ஒட்டு' என்றால் எலும்பை எடுத்து வைக்கும் வேறொரு சிகிச்சையோடு குழம்பும். நட்ட செடியைப் 'பிடிச்சுக்கிச்சு' என்கிறோமே, அதைப் பார்த்து 'எலும்புப் பிடிப்பு' என்று வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் இடுப்புப் பிடிப்புக்குத் தைலம் தேய்க்கும் ஊரில் அது நோயாகிவிடும். வினையாகப் 'பிடித்தது' இருக்கட்டும், பெயர்ச்சொல்லுக்கு 'எலும்பிணைவு' என்பதே என் தேர்வு. 'என்பிணைவு' என்றும் சொல்லலாம். குறளில் 'என்புதோல் போர்த்த உடம்பு' என வரும் பழைய சொல்தான் அது. படிப்பவர் தடுக்கி நிற்பார் என்பதால் எலும்பையே வைத்துக்கொள்கிறேன்.

'இணைப்பு' என்று ஏன் எழுதவில்லை? அது பிறவினை, இணைப்பவர் ஒருவர் வேண்டும். மருத்துவர் செய்வது திருகி வைப்பது மட்டும். மற்றது தானாக நடக்கவேண்டும், அது இணைவு. கருவியின் கைப்பிடியால் தட்டிப் பார்க்கும்போது 'டிங்' என்று தெளிவாக ஒலித்தால் இணைந்ததற்கு அறிகுறி. மந்தமாக 'தொப்' என்றால் நடுவில் நார்த்திசு வளர்ந்திருக்கலாம். அப்போது குறிப்பேட்டில் 'எலும்பு இணையவில்லை' என்றுதான் எழுத முடியும், 'இணைக்கவில்லை' என்றல்ல.