கன்டென்ட் நெகோஷியேஷன்: தமிழில் ‘வடிவ இசைவு’

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் ஆர்டர் விவரம் டேட்டாபேஸில் ஒரே ஆவணமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெர்ச்சண்டைசர் அதை ப்ரவுசரில் ஒரு பக்கமாகப் பார்க்க வேண்டும், அக்கவுண்டன்ட்டுக்கு எக்செலில் திறக்கிற மாதிரி சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) வேண்டும், சரக்கு வாங்கும் பையருடைய மென்பொருளுக்கோ ஜேசான் (மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் வடிவம்) கொடுத்தால்தான் ஆகும். ஆளுக்கொரு முகவரி கொடுக்காமல், ஒரே முகவரியில், கேட்கிறவருக்கு எது ஒத்துவருமோ அந்த வடிவத்தில் ஆவணத்தைக் கொடுப்பதற்குப் பெயர்தான் கன்டென்ட் நெகோஷியேஷன்.

நெகோஷியேஷன் என்ற சொல்லுக்கு லத்தீனில் ‘நெகோட்டியும்’ வேர். ‘ஓட்டியும்’ என்றால் ஓய்வு, முன்னால் வரும் ‘நெக்’ அதை மறுக்கிறது. ஓய்வில்லாத நிலை, அதாவது வேலை, வியாபாரம். வியாபாரத்திலிருந்து பேரத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் பொருள் விரிந்தது. கணினியில் இதற்கு அடித்தளம் போட்டது மின்னஞ்சல்தான். அஞ்சலில் படமும் ஒலியும் அனுப்புவதற்காக 1992-இல் மைம் வரையறை வந்தது, ‘டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்’ என்று சாய்கோடு போட்டு எழுதும் வகைப் பெயர்கள் அந்த வழியில் வந்தவை. ப்ரவுசரும், பக்கத்தைக் கொடுக்கும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறைதான் எச்டிடிபி. 1997-இல் வெளியான அதன் 1.1 வரையறை (ஆர்எஃப்சி என்ற இணைய ஆவண வரிசையில் 2068) கன்டென்ட் நெகோஷியேஷனுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியது.

வேலை நடப்பது ‘அக்செப்ட்’ என்ற தலைப்பு வரியில். ப்ரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, நம் கண்ணில் படாமல், ‘டெக்ஸ்ட்/எச்டிஎம்எல், அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல்;க்யூ=0.9, */*;க்யூ=0.8’ என்பது போல ஒரு வரியைச் சேர்த்து அனுப்புகிறது. க்யூ என்பது விருப்பத்தின் அளவு, எண் போடாவிட்டால் 1. எச்டிஎம்எல் இருந்தால் அதுவே நல்லது, இல்லையென்றால் எக்ஸ்எம்எல், அதுவும் இல்லையென்றால் இருப்பதைக் கொடு என்று அர்த்தம். சர்வர் தன்னிடம் இருப்பதோடு ஒப்பிட்டு ஒன்றை எடுத்துக் கொடுக்கும். எதுவும் பொருந்தாவிட்டால் 406 (கேட்ட வடிவம் இல்லை என்பதற்கான குறி எண்) என்று பதில் சொல்லலாம், அல்லது வழக்கமாகக் கொடுக்கும் வடிவத்தையே கொடுத்துவிடலாம். வரையறை இரண்டையும் அனுமதிக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உள்ளடக்கப் பேச்சுவார்த்தை’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் பொருள் கெட்டுவிடுகிறது, ஏனென்றால் ஆர்டரின் உள்ளடக்கத்தில் யாரும் எதையும் மாற்றச் சொல்லவில்லை. ‘பேரம்’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசும்போது விலை ஏறும், இறங்கும், கைகள் பிரிந்து மறுபடி சேரும். இங்கே கேட்பவர் தன் விருப்பத்தை ஒரே தடவை சொல்கிறார், கொடுப்பவர் ஒரே தடவை முடிவெடுக்கிறார், அவ்வளவுதான். அதனால் ‘வடிவ இசைவு’ என்றே சொல்கிறேன். இதற்கு ஏன் ‘ஃபார்மட் நெகோஷியேஷன்’ என்று பெயர் வைக்கவில்லை என்பதற்கு 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2616 காரணம் சொல்கிறது: ஒரே கோப்பு வகைக்குள்ளேயே மொழி மாறலாம், வேறு அம்சங்கள் மாறலாம். தமிழில் அந்தச் சிக்கல் வராது, ‘வடிவம்’ என்பது கோப்பு வகையோடு நின்றுவிடுகிற சொல் இல்லையே. தமிழ் வடிவம், ஆங்கில வடிவம் என்று இயல்பாகத்தானே சொல்கிறோம். அக்செப்ட் வரிக்கு ‘ஏற்பு வரி’ போதும்.

டேட்டாபேஸே இந்த வேலையைச் செய்ய முடியும் என்று காட்டியது கவுச்டிபி என்ற டேட்டாபேஸ் மென்பொருள். அதில் ஆவணங்கள் ஜேசானாகவே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் வலை முகவரி உண்டு. கோடு எழுதி வைப்பதற்கென்றே உள்ள டிசைன் ஆவணத்தில், ஆவணத்தை வேறு வடிவில் காட்டும் ‘ஷோ’ ஃபங்ஷன் ஒன்றை எழுதி, அதற்குள் ‘ப்ரொவைட்ஸ்’ மூலம் எச்டிஎம்எல்லுக்கு இப்படி, எக்ஸ்எம்எல்லுக்கு இப்படி என்று பிரித்துவிட்டால், ஏற்பு வரியைப் பார்த்து எதை ஓட்டுவது என்று அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். நடுவில் இன்னொரு சர்வர் வேண்டாம் என்பது அழகான யோசனை. ஆனால் 2020-இல் வந்த 3.0 பதிப்பிலேயே இந்த ஷோ ஃபங்ஷன்களைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள், அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் இதை டேட்டாபேஸுக்கு வெளியே, தங்கள் ஆப் கோடில் எழுதுவதுதான் சரி.

அப்படி எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு சாதாரண லிங்க்கைச் சொடுக்குகிறவரால் ஏற்பு வரியை மாற்ற முடியாது, ஆகவே அக்கவுண்டன்ட்டுக்காக முகவரியின் கடைசியில் ‘.சிஎஸ்வி’ சேர்த்த இன்னொரு வழியையும் வைத்துவிடுங்கள், கொள்கை கெட்டுவிடும் என்று பிடிவாதம் வேண்டாம். அந்த சிஎஸ்வியில் தமிழ் இருந்தால், தொடக்கத்தில், எழுத்துகள் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ளன என்று காட்டும் பிஓஎம் குறி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எக்செல் எழுத்தையெல்லாம் குப்பையாக்கிக் காட்டக்கூடும். அப்புறம், பதிலில், ஏற்பு வரியைப் பொறுத்து பதில் மாறும் என்று சொல்லும் ‘வேரி: அக்செப்ட்’ என்ற வரியை மறக்கவே கூடாது. அது இல்லையென்றால் நடுவில் பதில்களைச் சேமித்து வைத்துத் திரும்பக் கொடுக்கும் கேஷ், ஒரு முகவரிக்கு ஒரே பதில்தான் என்று நினைத்து, பையருக்குப் போன ஜேசானை அப்படியே எடுத்து மெர்ச்சண்டைசரின் ப்ரவுசருக்கு அனுப்பிவிடும்.