மணி கரைந்தால் மட்டும் செல் கைக்கு வராது

இந்த மாதத்தில் இது மூன்றாவது புகார். ஐஸ் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வாசலில் நிற்கிறார் ஓர் ஆராய்ச்சி மாணவர்.

"மேடம், பீட்ஸ் கரையவே மாட்டேங்குது. லாட் சரியில்லைன்னு கம்பெனிக்கு மெயில் போட்டுட்டேன்."

பீட்ஸ் என்றால் செல்கள் ஒட்டி வளர்வதற்கான பொடி மணிகள்; செல்லை எடுக்கும்போது கரைத்துவிட வேண்டும். டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் இளநீர் வழுக்கை மாதிரி ஒரு திரள். பிப்பெட் முனையால் தொட்டு இழுத்தால், வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் வருமே, அப்படி நூல் நூலாக வருகிறது.

"இது பீட்ஸ் இல்லப்பா. உன் செல்லோட டிஎன்ஏ."

அவர் முகம் சுண்டிவிட்டது. மூன்று வாரம் வளர்த்த மெசன்கைமல் ஸ்டெம் செல் (எலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடிய மூலசெல்). டியூபை வேகமாக உலுக்கும் வோர்டெக்ஸில் வைத்தாயா என்று கேட்டேன். பதில் இல்லை. வைத்திருக்கிறார்.

ஒட்டி வளரும் செல்லுக்கு மைக்ரோகேரியர் என்னும் இந்த மணி எதற்கு என்று இங்கே பாடம் எடுக்கப்போவதில்லை. 1967-இல் நெதர்லாந்து விஞ்ஞானி வான் வெசல், டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைச் சங்கிலியால் ஆன மணிகளின் மேல் செல்லை வளர்த்துக் காட்டினார். வீரோ என்னும் குரங்குச் சிறுநீரகச் செல்லில் தயாராகும் தடுப்பூசிகள் அந்த வழியில்தான் பெரிய தொட்டிகளுக்குப் போயின. அங்கே நமக்கு வேண்டியது வைரஸ், அது பெரும்பாலும் திரவத்திலேயே கிடைத்துவிடும். செல் சிகிச்சையில் செல்லேதான் சரக்கு. பிளாஸ்டிக் மணியின் துணுக்கு ஒன்றுகூட நோயாளியின் உடம்புக்குள் போகக் கூடாது. கரையும் மணிக்கு மவுசு வந்தது இதனால்தான்.

"கரையும்" என்ற அந்த ஒரு சொல்தான் எல்லாரையும் கவிழ்க்கிறது. தண்ணீரில் போட்ட கல்கண்டு போல மணி மறைந்துவிடும், செல்கள் ஒவ்வொன்றாக மிதந்து வரும் என்று நினைக்கிறார்கள். வராது. மூன்று வாரம் ஓரிடத்தில் குடியிருந்த செல் சும்மா உட்கார்ந்திருக்குமா? கொலாஜன், ஃபைப்ரோனெக்டின் என்று புரதங்களால் தானே பாய் பின்னி, பக்கத்துச் செல்லோடு கைகோத்து, பக்கத்து மணிக்கும் பாலம் போட்டிருக்கும். மணியைக் கரைத்தால் தரைதான் போகும், பாய் போகாது. கிடைப்பது தனித்தனியாக மிதக்கும் செல் சஸ்பென்ஷன் இல்லை, கிழிந்த துணி போன்ற கட்டிகள். அந்தப் பாயை அறுக்க டிரிப்சினோ அதற்கு இணையான, புரதத்தை வெட்டும் வேறொரு என்சைமோ தனியாக வேண்டும். பாலிகேலக்டுரோனிக் அமில மணி என்றால், அது கால்சியம் கட்டிவைத்த சர்க்கரைச் சங்கிலி; மணிக்கு இரண்டு சாவி: கால்சியத்தைப் பறிக்க ஈடிடிஏ, சங்கிலியை வெட்ட பெக்டினேஸ். செல்லுக்கு மூன்றாவது சாவி. மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

(கொய்யா ஜெல்லியைக் கெட்டியாக்கும் அதே பெக்டின் குடும்பம்தான் இந்த மணி. அதற்காகப் பழச்சாறு தெளிய வைக்கும் பெக்டினேஸை வாங்கி ஊற்றாதீர்கள். அது சுத்திகரிக்காத சரக்கு, கூடவே வேறு என்சைம்களும் வரும். ஒருவர் ஊற்றினார். விலை குறைவாம்.)

சரி, அந்தப் பையனுடைய மணி ஏன் கரையவில்லை? லாட் மேல் பழியில்லை. கழுவவில்லை, அவ்வளவுதான். செல் வளர்க்கும் மீடியமான டிஎம்இஎம்-மில் கால்சியம் 1.8 மில்லிமோலார். நாம் ஊற்றும் 0.02 சதவீத ஈடிடிஏ ஏறக்குறைய 0.5 மில்லிமோலார். ஒரு ஈடிடிஏ ஒரு கால்சியத்தைப் பிடிக்கும் கணக்கில், ஃபிளாஸ்கில் 300 மில்லி மீடியம் தங்கியிருந்தாலே ஒரு லிட்டர் ஈடிடிஏ-வை அது விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். மணிக்குள் இருக்கும் கால்சியத்துக்கு என்ன மிச்சம்? போதாததற்கு, மீடியத்தோடு தங்கிய சீரம் டிரிப்சினையும் முடக்கிவிடும். பத்து நிமிடத்தில் நடக்கவில்லை என்றதும் டிரிப்சினைக் கூட்டினார். இருபது, நாற்பது, ஐம்பது நிமிடம். பிறகு வோர்டெக்ஸ். செல் வெடித்து டிஎன்ஏ வெளியே கொட்டியது. அந்தக் கொழகொழப்பைக் கரையாத மணி என்று நினைத்து இன்னும் ஈடிடிஏ ஊற்றினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டிஎன்ஏ கொழகொழப்புக்கு மருந்து, டிஎன்ஏவை வெட்டும் என்சைமான டிஎன்ஏஸ். அது வேலை செய்ய மக்னீசியம் வேண்டும். ஈடிடிஏ மக்னீசியத்தையும் பறித்துக்கொள்ளும்; ஈடிடிஏ நிறைந்த டியூபில் ஊற்றினால் டிஎன்ஏஸ் கைகட்டி நிற்கும். முதலில் சென்ட்ரிஃபியூஜில் மெதுவாகச் சுழற்றி, ஈடிடிஏ திரவத்தை மாற்றிவிட்டு, அப்புறம் ஊற்றுங்கள்.

ஆகவே, தயவுசெய்து: கலக்கியை நிறுத்துங்கள், மணி படியட்டும், மேலே நிற்கும் மீடியத்தை எடுத்துவிடுங்கள். கால்சியம், மக்னீசியம் இல்லாத பிபிஎஸ் என்னும் உப்புக் கரைசலில் கழுவுங்கள். ஒரு தடவை போதாது, இரண்டு மூன்று தடவை. கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட் மணிக்கும் இதே கதைதான், அங்கே கால்சியத்தைப் பறிக்க சோடியம் சிட்ரேட் போதும். இதையெல்லாம் தொடங்குமுன் ஒரு மில்லி எடுத்து, 0.1 மோலார் சிட்ரிக் அமிலத்தில் கலந்த கிறிஸ்டல் வயலட் சாயத்தில் போட்டு நியூக்ளியஸை எண்ணி வையுங்கள். உள்ளே எத்தனை இருந்தது என்று தெரியாமல், வெளியே எத்தனை வந்தது என்று சொல்லி என்ன பயன்?

கரைந்தது காற்றிலும் போகவில்லை. மணியின் சர்க்கரைத் துண்டுகளும் என்சைமும் அதே திரவத்தில்தான் கிடக்கின்றன. சென்ட்ரிஃபியூஜ் செய்து கழுவாமல் "சுத்தமான செல்" என்று லேபிள் ஒட்டாதீர்கள்.

குளிர்ந்தால் செல்லை விட்டுவிடும் பரப்பு வேறு வகை. டோக்கியோவில் ஒகானோ குழு உருவாக்கிய வெப்பமுணர் பரப்பு 32 டிகிரிக்குக் கீழே தண்ணீரை உறிஞ்சி, செல்லைத் தாளாக உரித்துக் கொடுத்துவிடும். டிரிப்சினே வேண்டாம், அற்புதமான பொருள். ஆனால் நம்மவர்கள் 22 டிகிரி ஏசி அறையில் மைக்ரோஸ்கோப் அடியில் வைத்து நிதானமாகப் போட்டோ எடுக்கிறார்கள். பிறகு "செல் தானா உரிஞ்சிடுச்சு மேடம்." வேறென்ன செய்யும்?

வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மணியின் விலையைச் சொல்லி மாணவரைப் பயமுறுத்தாதீர்கள். முதல் வாரமே கையளவு மணியைக் கொடுத்து, செல் இல்லாமல், கழுவிக் கரைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கழுவாமல் ஒரு டியூபும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பையனை அன்று மதியமே அப்படித்தான் உட்கார வைத்தேன். கழுவிய டியூபில் கால் மணி நேரத்துக்குள் மணி காணோம். கழுவாதது அப்படியே இருந்தது. கம்பெனிக்குப் போட்ட மெயிலை என்ன செய்வது என்று கேட்டார். அது உன் பாடு என்றேன்.