பதினெட்டுக் குழி நடையும் குதிக்கால் கொப்புளமும்

கிளிநொச்சியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோல்ப் ஆடப் பழகுகிறேன். வண்டியில் ஏறாமல் பதினெட்டுக் குழியும் நடந்தே ஆட ஆசை. முதல் தடவை ஒன்பதாவது குழியோடு குதிக்கால் கொப்புளித்துவிட்டது. சின்ன வயதிலிருந்து வயல் வரம்பில் வெறுங்காலோடு நடந்த கால் இது. பிழை சப்பாத்திலா, காலிலா?"

இரண்டிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

முதலில் கணக்கு. வன்னிக்குக் கிட்டவுள்ள மைதானங்களில் ஒன்று திருகோணமலைச் சீனன்குடாவில் விமானப்படையினுடையது. எந்த மைதானமானாலும் பதினெட்டுக் குழி ஆட்டத்தில் பந்தைத் தேடி அலைவதையும் சேர்த்து 8 முதல் 10 கிலோமீற்றர் நடை வரும். நான்கு, நாலரை மணி நேரம் போகும். ஒன்பது கிலோமீற்றர், ஒரு காலடிக்கு 70 சென்ரிமீற்றர் என்று வைத்தால் ஒரு காலுக்கு ஏறத்தாழ 6,400 மிதி. தோளிலோ பத்துப் பன்னிரண்டு கிலோ பை.

இப்போது ஒரு கொப்பியை மேசையில் வையுங்கள். மட்டையில் உள்ளங்கையை அழுத்தி மெல்ல முன்னே தள்ளுங்கள். கை மட்டையில் வழுக்கவில்லை. கொப்பியின் அடி மேசையில் வழுக்கவில்லை. ஆனாலும் மேல்மட்டை நகர்ந்திருக்கும். நடுவிலுள்ள தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து அந்தத் தூரத்தைக் கொடுத்திருக்கின்றன. இயந்திரவியலில் இதற்குக் கொய்வு என்று பெயர். குதிக்காலில் நடப்பதும் இதுதான். தோல் சொக்ஸோடு ஒட்டி நிற்கிறது, சொக்ஸ் சப்பாத்தோடு ஒட்டி நிற்கிறது. உள்ளேயிருக்கும் எலும்பு மட்டும் ஒவ்வொரு மிதியிலும் முன்னும் பின்னும் போய் வருகிறது. எலும்புக்கும் சொக்ஸுக்கும் இடையிலுள்ள இழையம் ஆயிரக்கணக்கான தடவை சரிந்து நிமிர்கிறது. வெளியே தேய்ந்து தோல் உரிகிறது என்பதுதான் பலருடைய நினைப்பு. ஆனால் கொப்புளத்தின் மூடி உரியாமல் முழுசாக இருப்பதைக் கவனித்தீர்களா? கிழிந்தது அதற்குக் கீழே, மேற்றோலின் நடுப்படையில். அங்கே கலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிய்கின்றன. பிய்ந்த இடைவெளிக்குள் இரண்டொரு மணி நேரத்தில் நீர் ஊறி நிரம்புகிறது. தோல் முதலில் சிவந்து சுடுவது, கிழிவதற்கு முன் வரும் எச்சரிக்கை. ஏழாவது குழியில் அந்தச் சூடு தெரிந்திருக்கும். "முடித்துவிட்டுப் பார்ப்போம்" என்று நடந்திருப்பீர்கள்.

இப்படிக் கொப்புளிக்கத் தடித்த மேல்படை வேண்டும். அதனால்தான் உராய்வுக் கொப்புளம் உள்ளங்கையிலும் பாதத்திலும் வருகிறது. முழங்கையில் அதே அளவு உரசினால் மெல்லிய தோல் சிராய்ந்துபோகும், நீர் கட்டாது. நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த புதுக்கைக்குக் கொப்புளம் வருவதும் இதே வழிதான். தோல் எங்கே சுமை வாங்கிப் பழகியதோ அங்கே மட்டும்தான் உறுதியாகிறது. வரம்பில் வெறுங்காலோடு நடந்த கால் அடிப்பாதத்தைத் தடிப்பாக்கிக்கொண்டது. சப்பாத்தின் பின்சுவர் பிடிக்கும் குதிக்காலின் பின்பக்கத்துக்கு அந்தப் பழக்கமே கிடைக்கவில்லை. வாசகருக்கு வந்தது அங்கேதான்.

கோல்பில் இன்னொரு சிக்கல், திருகல். வலக்கையர் அடிக்கும்போது இடது பாதம் வெளி ஓரத்துக்குச் சாய்கிறது, வலது பாதம் பெருவிரலடியில் சுழல்கிறது. சப்பாத்தின் பிளாஸ்ரிக் பற்கள் புல்லைக் கவ்விக்கொண்டிருப்பதால் சப்பாத்து அசையாது, கால்தான் உள்ளே திரும்பும். நடையால் குதிக்கால், அடியால் இடது சுண்டுவிரல் ஓரமும் வலது பெருவிரலடியும். டேப் ஒட்டுவதானால் இந்த மூன்று இடமும்.

அடுத்தது ஈரம். 1955 இல் நெய்லர் என்ற ஆய்வாளர் அளந்து காட்டியது இது: தோல் நன்றாகக் காய்ந்திருந்தால் உராய்வு குறைவு, தண்ணீர் ஓட நனைந்திருந்தாலும் குறைவு, பிசுபிசு என்ற ஈரத்தில்தான் கூடுதல். வியர்த்த காலும் பனியில் ஊறிய சொக்ஸும் சரியாக அந்த நடுவிடத்தில் நிற்கின்றன. தை, மாசி விடியலில் புல்லில் நடந்தவர்களுக்குத் தெரியும், அரை மணியில் சப்பாத்தின் முன்பக்கம் ஊறிவிடும். வெயிலுக்குத் தப்ப ஆறு மணிக்கே தொடங்குபவர் பனியில் மாட்டுவார். பனி காயட்டும் என்று எட்டு மணிக்குத் தொடங்குபவர் வியர்வையில் மாட்டுவார். ஆறு மணிதான் நல்லது. ஆனால் ஒன்பதாவது குழி முடிந்ததும் காலைத் துடைத்துக் காய்ந்த சொக்ஸ் மாற்ற வேண்டும். பருத்திச் சொக்ஸ் ஈரத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைத்திருக்கும், அது வேண்டாம். நைலோன் அல்லது பொலியெஸ்டர் கலந்தது ஒரு மெல்லியது உள்ளே, சற்றுத் தடித்தது வெளியே. இரண்டு சொக்ஸும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கட்டும். அந்த வழுக்கல் தோலுக்குள் நடக்கவிருந்த சரிவை வெளியே எடுத்துவிடுகிறது.

வசலீன், நல்லெண்ணெய் பூசலாமா என்று கேட்பார்கள். முதல் மணி நேரம் நன்றாக வழுக்கும். பிறகு எண்ணெய் ஊறித் தோல் மிருதுவாகி, உராய்வு முன்பிருந்ததைவிடக் கூடிவிடும். நாலரை மணி நடைக்கு இது பொறி. பூசினால் மணிக்கு ஒரு தடவை பூச வேண்டும். பவுடரும் அப்படித்தான், வியர்வையில் திரண்டு மணலாகிவிடும். "உடம்புச் சூடு, இளநீர் குடியுங்கோ, கொப்புளம் வராது" என்பது நம் ஊர் வைத்தியம். இளநீர் நல்ல பானம், ஆனால் எலும்பின் அசைவை நிறுத்தாது.

வியர்வையையே அடக்கிப் பார்த்தார்கள். 1998 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் இராணுவப் பயிற்சி மாணவர்கள் 21 கிலோமீற்றர் நடப்பதற்கு முன் சில இரவுகள் காலில் வியர்வை தடுக்கும் திரவம் பூசினார்கள். ஒழுங்காகப் பூசியவர்களில் 21 வீதத்தினருக்குக் கொப்புளம், மருந்து சேராத வெறும் திரவம் பூசியவர்களில் 48 வீதத்தினருக்கு. ஆனால் மருந்து பூசியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தோல் எரிச்சல் வந்தது. கொப்புளத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இப்படிப் படைகளின் பணத்தில் வந்தது, சிப்பாயின் கால் அவர்களுக்குச் சொத்து. கதிர்காமத்துக்கு நடப்பவர்களின் காலும் நாற்று நடுபவர்களின் காலும் யாருக்கும் சொத்தில்லை போலும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. சொக்ஸுக்கும் தோலுக்கும் இடையிலான உராய்வை அளக்கப் பெரிய காசு வேண்டியதில்லை.

இனி ஆயத்தம். சப்பாத்தைப் பின்னேரம் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கிய அளவில் இருக்கும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் இடம் வேண்டும். ஆனால் காலைத் தூக்கும்போது குதிக்கால் கழலக்கூடாது. நாடாவைக் கடைசித் துளைவரை கோத்து இறுக்கினால் அந்த அசைவு குறையும். புதுச் சப்பாத்தோடு நேரே மைதானத்துக்குப் போகாமல் மூன்று கிழமைக்கு முன்பே தொடங்குங்கள். குளக்கட்டில் மூன்று கிலோமீற்றர், பிறகு ஐந்து, பிறகு எட்டு, கடைசி இரண்டு நடையில் பையையும் தூக்கி. கிரவல் தெருவில் ஒரு மணல் உள்ளே போனாலும் நின்று தட்டிவிடுங்கள். ஆட்டத்தன்று காலையில் பாமசியில் கிடைக்கும் காகித டேப்பைக் காய்ந்த தோலில் சுருக்கமில்லாமல், மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். மூலை கூராக இருந்தால் சொக்ஸ் போடும்போதே மடிந்து உருளும். உருண்ட டேப் டேப் இல்லாததைவிட மோசம்.

பாரம் குறைந்தால் மிதியின் அழுத்தமும் குறையும். கோல்ப் விதிப்படி 14 மட்டைவரை கொண்டுபோகலாம். பெரும்பாலானவை 300 முதல் 460 கிராம். பழகுபவருக்கு ஏழெட்டுப் போதும். பந்து ஒன்று 46 கிராம். பதினைந்து எதற்கு, ஆறு எடுங்கள். அந்த இடத்தைத் தண்ணீருக்குக் கொடுங்கள். வெயிலில் மணிக்கு அரை லீற்றருக்கு மேல் வியர்க்கலாம், ஆகவே இரண்டு மூன்று லீற்றர் தேவை. ஒன்றரை லீற்றர் தூக்கிப் பாதியில் நிரப்பலாம். அதில் ஒரு லீற்றரில், உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூள் பைக்கற் ஒன்று கரையுங்கள். அரைப் பைக்கற், அரைப் போத்தல் என்று கண்ணளவில் கரைத்தால் உப்பளவு பிழைக்கும்.

இத்தனைக்கும் பிறகும் கொப்புளம் வந்தால், சிறியதைத் தொடவேண்டாம். நடக்க விடாமல் வலிக்கும் பெரியதென்றால் சுத்தமாக்கிய ஊசியால் ஓரத்தில் இரண்டு துளை போட்டு நீரை அழுத்தி எடுக்கலாம், மேல்தோலை மட்டும் உரிக்கக்கூடாது. நீரிழிவுக்காரர் தாங்களாகக் குத்தாமல் வைத்தியரிடம் போகவேண்டும். உரிந்த கொப்புளத்தோடு மறுநாள் வயல் தண்ணீரில் இறங்குவது வன்னியில் தனி ஆபத்து: எலிக்காய்ச்சல் கிருமிக்கு அந்தப் புண் திறந்த கதவு. உரியாத மேல்தோலுக்குக் கீழே வேலை வேகமாக நடக்கும். ஒரு நாளில் அடிக்கலங்கள் பெருகத் தொடங்கி, இரண்டாம் நாளில் புதுப்படை கட்டி, ஐந்தாம் நாளளவில் தோலின் கடினமான வெளிப்படையான கொம்புப்படை திரும்பவும் போடப்பட்டிருக்கும். பழைய மூடி அதன்பிறகு தானாகக் கழன்று விழும்.